அவள் சூடியது பன்றிக் கொம்பு

போன மாதம் மீஞ்சூர்ப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தில் எழுத்தாளர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகளுக்காக அவர் எழுதிவரும் மாயாஜாலக் கதைத் தொடரின் நாயகி ஒரு வேட்டைத் தெய்வம். ரோமாபுரியின் டயானாவை வைத்து அவளை வார்த்திருப்பதாகச் சொன்னார். அதில் எனக்குத் தடையில்லை. எந்த நாட்டுத் தெய்வத்தையும் யாரும் கதைக்குள் அழைத்து வரலாம்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. தமிழில் வேட்டைக்கென்று ஒரு பெண் தெய்வம் இருந்ததே இல்லை என்றார். கொற்றவை வெறும் போர்த் தெய்வம், அவளும் துர்க்கைக்குள் கரைந்து செத்துப்போய் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது, தலைப்பலி, சாமியாட்டம், ரத்தம் என்று இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிற சங்கதிகளைத் தவிர அவளிடம் மிச்சமில்லை என்று அடுக்கினார். ஆகையால் கொற்றவை என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, உருவத்தையும் குணத்தையும் டயானாவிடம் வாங்கியிருக்கிறாராம். நான் எழுந்து, வள்ளூரிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பித்தேன். "சாம்பலும் உப்பளமும் இருக்கிற ஊர்க்காரருக்குக் காட்டுத் தெய்வத்தைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்டார். சபை சிரித்தது. நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அன்று சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

அவருக்குக் கொற்றவையைத் தெரியாது. டயானாவையும் தெரியாது. ஒருத்தியையாவது சரியாகத் தெரிந்திருந்தால் இன்னொருத்தியை இப்படிச் சிதைத்திருக்க மாட்டார்.

அன்று திரையில் அவர் காட்டிய படம் பலரும் பார்த்த படம்தான். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய உடை, அம்பு எடுக்கத் தோளுக்குப் பின்னால் நீளும் வலது கை, பக்கத்தில் துள்ளும் மான். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் பளிங்குச் சிலை அது. கிரேக்க மூலம் ஒன்றைப் பார்த்து ரோமானியக் காலத்தில் செதுக்கப்பட்டு, 1556இல் போப்பாண்டவர் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றிக்குக் கொடுத்தது. அதற்குப் பின் அரண்மனை அரண்மனையாக அழகுக்கு நின்றது. டயானா என்று இவர் நம்புவது இந்த அரண்மனை அலங்காரத்தை.

டயானா குடியிருந்த இடம் வேறு. ரோமுக்குத் தெற்கே நெமி என்றொரு ஏரி, எரிமலை வாயில் நீர் தேங்கி உண்டானது. அதன் கரையில் இருந்த தோப்பு அவளுடையது. தோப்புக்கு ஒரு பூசாரி, அவனுக்குத் தோப்பின் அரசன் என்று பட்டம். தப்பியோடி வந்த அடிமைதான் அந்த இடத்துக்கு வர முடியும். அங்கிருக்கும் ஒரு மரத்தின் கிளையை ஒடித்து, இருக்கிற பூசாரியோடு மோதி, அவனைக் கொன்றால் இவன் பூசாரி. இவனையும் ஒரு நாள் இன்னொருவன் வந்து கொல்வான். அதனால் உருவிய வாளோடு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார். ஜேம்ஸ் ஃபிரேசர் 1890இல் வெளியிட்ட 'பொற்கிளை' என்ற பெருநூல் இந்த ஒரு வழக்கத்துக்குக் காரணம் தேடிப் புறப்பட்டதுதான். ஆகஸ்ட் 13 அவளுடைய திருநாள். பெண்கள் தீவட்டி பிடித்து அந்தத் தோப்புக்குப் போவார்கள். பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்வார்கள். அந்த நாள் ரோமில் அடிமைகளுக்கு விடுமுறை.

இந்த டயானாவைத்தான் மென்மையானவள், மிருகங்களின் தோழி, ரத்தம் அறியாதவள் என்கிறார் நம் எழுத்தாளர். அக்டையோன் என்ற வேட்டைக்காரன் அவள் குளிப்பதைத் தெரியாமல் பார்த்துவிட்டான். அவனை மானாக்கினாள். அவன் வளர்த்த நாய்களே அவனைக் குதறின. அவளுக்கு உரிய மானைக் கொன்றதற்காக ஒரு மன்னனிடம் அவன் பெற்ற மகளையே விலையாகக் கேட்டாள். ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் சொன்ன கதைகள் இவை. தலைப்பலி கேட்கும் தெய்வம் வேண்டாம் என்று ஓடியவர் எங்கே போய் நிற்கிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

டயானா தமிழுக்கு இவர் இறக்குமதி செய்த புதுச் சரக்கும் அல்ல. ராயபுரத்திலும் எண்ணூரிலும் பைபிள் படிக்கிற எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வார், அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் அவள் பெயர் தியானாள் என்று. எபேசு பட்டணத்தில் அவளுக்காகப் பெருங்கூச்சல் எழுகிறது. கிளப்பிவிட்டவன் தெமேத்திரியு என்ற தட்டான். அவள் கோவிலைப் போல வெள்ளியில் சிறு கோவில்கள் செய்து விற்றுப் பிழைப்பவன். பவுலின் பேச்சால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம்தான் அவன் வாயில் பக்தியாக வந்தது. எங்கள் எழுத்தாளர் அன்று 'வெளிநாட்டு வாசகர்', 'சந்தை' என்ற இரண்டு சொற்களையும் எத்தனை முறை சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டான் நினைவுக்கு வந்தான்.

இனி நம்மவளுக்கு வருகிறேன்.

கொற்றவை போர்த் தெய்வம் என்பது பாதி உண்மை. கொற்றம் என்றால் வெற்றி. தொல்காப்பியம் கொற்றவை நிலையை வெட்சித்திணையோடு சேர்த்துச் சொல்கிறது. வெட்சி என்பது ஆநிரை கவர்தல். ஆனால் மாடு பிடிக்கப் போன அந்த மறவர் யார்? காட்டில் வில்லைக் கொண்டு வயிறு வளர்த்தவர்கள். அவர்களுக்கு வேட்டையும் கொள்ளையும் ஒரே வில்லின் இரண்டு வேலைகள். அகநானூறு கானமர் செல்வி என்று காட்டில் உறைபவளைச் சொல்கிறது. கலித்தொகையில் பெருங்காட்டுக் கொற்றி வருகிறாள். முருகனையே கொற்றவையின் மகன் என்றும் பழையவளின் பிள்ளை என்றும் அழைக்கிறது திருமுருகாற்றுப்படை. இத்தனைக்கும் பிறகு, தமிழில் காட்டுத் தெய்வப் பெண் இல்லை என்று மேடையில் சொல்வதற்கு, படிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. படித்தவர் யாரும் சபையில் இல்லை என்ற தைரியமும் வேண்டும். கொற்றவையின் சிலையில் இருக்கிற மானையும் தலையில் இருக்கிற பிறையையும் காட்டி, அவள் யவனக் கப்பலில் வந்தவளாகவும் இருக்கலாம் என்று ஒரு யூகத்தையும் போகிறபோக்கில் வீசினார். யவனர் இங்கே வந்தார்கள், மது கொண்டுவந்தார்கள், மிளகு வாங்கிப்போனார்கள். கொற்றவையைக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு ஒரு சான்றைக்கூட அவர் காட்டவில்லை.

அந்தப் பிறை எங்கிருந்து வந்தது என்பதை இளங்கோவடிகள் எழுத்தெண்ணிச் சொல்லியிருக்கிறார். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் வேட்டுவ வரி. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் வெயிலில் நடந்து களைத்து, எயினர் என்ற வேடர்களின் ஐயை கோட்டத்தில், அதாவது கொற்றவை கோவிலில், ஒதுங்கியிருக்கிறார்கள். அப்போது சாலினி என்ற பெண்ணுக்கு அருள் வருகிறது. அவள் தன் சனத்தையே வைகிறாள். சுற்றியிருக்கும் பேரூர்களில் மாடு பெருகிக் கிடக்கிறது, நம் மன்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது, வில் பிடித்த குடி இப்படி அடங்கிப் போய்விட்டதே என்கிறாள். கலைமான் மேல் இருப்பவளுக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாமல் வில்லுக்கு வெற்றி கேட்காதீர்கள் என்கிறாள்.

உடனே அவர்கள் தங்கள் குடியில் பிறந்த ஒரு சிறுமியைத் தெய்வமாக அலங்கரிக்கிறார்கள். முடியை உயர்த்தி, சின்ன வெள்ளைப் பாம்புக்குட்டியைக் கயிறாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். வேலியை மீறித் தோட்டத்துக்குள் புகுந்த பன்றியின் வளைந்த கொம்பைப் பிடுங்கி, அதைப் பிறையாகச் சூட்டுகிறார்கள். புலியின் வாயைப் பிளந்து எடுத்த பற்கள் அவள் கழுத்தில் தாலி. வரியும் புள்ளியும் கலந்த தோல் இடுப்பில் மேகலை. கையில் வலிய வில்லைக் கொடுத்து, முறுக்கிய கொம்புடைய கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். பிறகு அவள் முன்னால் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? பாவை, கிளி, காட்டுக்கோழி, மயில், பந்து, கழங்கு. விளையாட்டுச் சாமான்கள். மேலே உட்கார்ந்திருப்பவள் தெய்வம் என்பதையும் குழந்தை என்பதையும் அந்த வேடர்கள் ஒரே நேரத்தில் அறிந்திருந்தார்கள்.

மாயாஜாலம் எழுதுகிறேன் என்று கிளம்பியவர் இந்த இடத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டாமா? பன்றிக் கொம்பு அங்கே நிலாவாகிறது. அது பன்றிக் கொம்புதான் என்று சூட்டிய கைக்குத் தெரியும். எந்தத் தோட்டத்தை அழித்த பன்றி என்றுகூடத் தெரியும். தெரிந்தும் அது நிலாவாகிறது. கற்பனை என்று நான் சொல்வது இதை. இவருடைய நாயகியின் நெற்றியிலும் பிறை இருக்கிறது, வெள்ளியில், தானாக ஒளிர்கிறது. அது எதிலிருந்தும் நிலாவாகவில்லை. கதை தொடங்கும் முன்பே நிலாவாகக் கடையில் கிடைத்தது.

இன்றைய வாசகர் ரத்தத்தைத் தாங்கமாட்டார் என்ற வாதத்துக்கும் அந்தக் கோட்டத்திலேயே பதில் இருக்கிறது. பலி கேட்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவில் கவுந்தியடிகள் உட்கார்ந்திருக்கிறார். சமணத் துறவி. நடக்கும்போது வழியில் இருக்கும் சிற்றுயிர்களை மிதித்துவிடக் கூடாது என்று கோவலனையும் கண்ணகியையும் எச்சரித்துக்கொண்டே வந்தவர். எழுதியவரும் துறவி. கொல்லாமையை அவ்வளவு ஆழமாக நம்பியவர்களுக்கு நடுவில் வைத்து, பலிக்கடனையும் சாமியாட்டத்தையும் ஒரு சொல்கூட மழுப்பாமல் இளங்கோ பாடினார். தனக்கு ஒவ்வாத வழிபாட்டைக்கூட அதைச் செய்கிறவர்களின் வாயாலேயே பேச விட்டார். பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று நம் எழுத்தாளர் வெட்டி எறிகிறாரே, எந்தப் பிள்ளையைக் கேட்டார்? மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரௌபதி ரதத்துக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கிற சிற்பம் அங்கே இருக்கிறது. என் மகள் நான்காவது படிக்கும்போது அதன் முன்னால் நின்று கேட்டாள், "அவங்க கேட்டாங்களா, இவரா குடுத்தாராப்பா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, ரத்தம் துடைத்த பொம்மையைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

வேட்டைத் தெய்வம் உலகத்தில் எங்கே இருந்தாலும் அவளுடைய வேலை ஒன்றுதான். உயிரை எடுத்துப் பிழைக்கிறவனிடம் வந்து, எடுத்ததற்கு என்ன கொடுத்தாய் என்று கேட்பாள். நெமியில் அதைத்தான் கேட்டாள், ஐயை கோட்டத்திலும் அதைத்தான் கேட்டாள். இரண்டு பேருக்கும் உண்மையான உறவு அங்கேதான் இருக்கிறது, மானிலும் வில்லிலும் இல்லை. இந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் வில் பிடித்த ஓர் அழகி மிஞ்சுவாள். அவர் எழுதியிருக்கும் நாயகி அவள்தான். அவள் காட்டில் யாரும் எதற்கும் கடன்பட்டவர்கள் இல்லை. அம்பு விட்டால் அரக்கர்கள் விழுகிறார்கள், உடனே மறைந்துபோகிறார்கள். பிணம்கூட விழாத காட்டில் வேட்டைக்குத் தெய்வம் எதற்கு?

கற்பனைக்கு வேலி போடாதீர்கள் என்றும் சொன்னார். நான் போடவில்லை. ஜெயமோகன் 2005இல் 'கொற்றவை' எழுதினார். சிலப்பதிகாரத்தை எடுத்து, தனித்தமிழில், நீர், காற்று, நிலம், எரி, வான் என்று ஐந்து பகுதிகளாக விரித்து, கண்ணகியைப் பழையதொரு தாய்த்தெய்வத்தின் தொடர்ச்சியாக்கினார். அதில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. ஆனால் அந்த மனிதர் வேலியைத் தாண்டும் முன் நிலத்தை முழுக்க நடந்து பார்த்திருக்கிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1941இல் அமெரிக்கப் படக்கதையில் மார்ஸ்டன் ஒரு நாயகியைப் படைத்து டயானா என்று பெயர் வைத்தபோது, அவளுக்கு வேறு பிறப்பையும் வேறு நாட்டையும் கொடுத்தார். ரோமானியத் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு, ரோமானியர்களுக்கு அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று மேடையேறிச் சொல்லவில்லை. இவர் செய்தது அது. பெயரை எடுத்துக்கொண்டு, பெயருக்கு உரியவளை இல்லை என்கிறார்.

என் ஊரைப் பற்றிய அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பாலை தனி நிலமில்லை என்கிறது சிலப்பதிகாரம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தங்கள் இயல்பை இழந்து, அண்டியவர்களைத் துன்பத்தில் தள்ளும்போது எடுக்கிற வடிவம்தான் பாலை. கொற்றவை அந்த நிலத்தின் தெய்வம். வள்ளூர் நெய்தலாக இருந்தது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகமும் உப்பளங்களும் அலையாத்திப் புதர்களும் சேர்ந்த நெய்தல். இன்று ஊர் எல்லையில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. சுற்று வட்டாரத்து நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் பல வருடங்களாகக் கழிமுகத்தில் படிந்து, ஆள் நீந்திய இடத்தில் இன்று முழங்கால் நனையவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்தது. தன் இயல்பை இழந்த நிலம் என்றால் என்னவென்று எங்களுக்கு உரை எழுதி விளக்க வேண்டாம். எடுத்தாயே, என்ன கொடுத்தாய் என்று கேட்கிற ஒருத்தி வேறு எந்த ஊருக்கு இதைவிடத் தேவை? எங்களுக்குத் தெற்கே திருவொற்றியூர்க் கோவிலில் வட்டப்பாறையம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் வந்து அமர்ந்த இடம் அது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். வேட்டுவ வரியில் சாலினி அருள் வந்த நிலையில் கண்ணகியைப் பார்த்துத்தான் தெய்வமே என்று புகழ்ந்தாள். கண்ணகி வெட்கப்பட்டுக் கோவலனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்தக் கண்ணகிதான் எங்கள் பக்கத்துக் கதையில் வட்டப்பாறையில் இருக்கிறாள். காட்டுத் தெய்வத்தோடு எங்களுக்கு உள்ள உறவு இது.

அவள் செத்துவிட்டாள் என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை நான் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டினால் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். இப்போது அதே கைகள் சாம்பலைத் தடவுகின்றன. நாள் முழுக்கக் குனிந்தாலும் பறி நிறைவதில்லை. இவர்களுடைய தெய்வத்தின் பெயர் கன்னியம்மன். கன்னி, வேட்டைக் குடியின் தாய், அருள் வந்து பேசுகிறவள். டயானாவிடம் போய் வாங்க வேண்டியிருந்தது என்று இவர் சொன்ன குணங்களில் எது இவளிடம் இல்லை?

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. இருளர்களின் வேட்டைத் தொழில் அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1978இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து வருவார்கள், சில வாரம் வைத்து விஷம் எடுப்பார்கள், பிறகு அதைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்து செய்கிற மருந்து பாம்பு கடித்தவர்களைக் காப்பாற்றுகிறது. இந்தக் குடியைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிடித்ததைத் திரும்ப விடுகிற வேடர்கள், அவர்களிடம் பேசுகிற ஒரு கன்னித் தெய்வம். உலகத்தில் வேறு எந்த மொழியில் எழுதுகிறவனுக்கும் கிடைக்காத கதை பஸ் போகிற தூரத்தில் கிடக்கிறது. இவர் அதன் மேல் பளிங்குச் சிலையைத் தூக்கி வைக்கிறார்.

எழுத்தாளரே, அடுத்த மாசி மகத்துக்கு முந்தின நாள் அத்திப்பட்டுப் புதுநகர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ் மாறி, பொழுது சாயும் முன் மாமல்லபுரம் போய்விடலாம். பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் அந்தக் கடற்கரைக்கு வந்திருப்பார்கள். புடவையையும் தார்ப்பாயையும் கட்டி மணலில் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருப்பார்கள். ராத்திரி முழுக்கப் பாட்டும் ஆட்டமும் இருக்கும், நாமும் தூங்க வேண்டாம். விடியும்போது அலை தொடுகிற இடத்தில் ஈர மணலைக் குவித்துப் படி கட்டி, பூ வைத்து, கன்னியம்மனைக் கூப்பிடுவார்கள். யாராவது ஒரு பெண்ணுக்கு அருள் வரும். அவள் பேச ஆரம்பித்ததும், செத்துப்போனவள் என்று நீங்கள் மைக்கில் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.